கார் கண்ணாடியின் உட்புற ஈரம்: உறிஞ்சும் டப்பாவா, சிலிக்கா ஜெல் பையா?

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து மார்கழிப் பனி விலகும் வரை, கடலூரில் வெட்டவெளியில் கார் நிறுத்துபவர்களுக்கு விடியற்காலையில் ஒரு வேலை கூடுதலாக வந்து சேர்கிறது. வெளிப்புறத்தில் படிந்த பனியை வைப்பர் இரண்டே வீச்சில் தள்ளிவிடும். உட்புறத்தில் படிந்த ஈரம் அவ்வளவு எளிதில் போவதில்லை. கைக்குட்டையால் துடைத்தால் கோடுகோடாகத் தேங்கி, எதிரே வரும் பேருந்தின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் வெளிச்சத் திட்டாகிவிடும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நான், 2023 மழைக்காலத்தைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு வைத்த டப்பாவோடும், 2024 மழைக்காலத்தை அதே வேலையைச் செய்யும் சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த பையோடும் கழித்தேன். இப்போது என் காரில் இருப்பது பை. இந்த ஒப்பீடும் அதன் பக்கமே சாயும்.

ஓடும் காரைப் பொறுத்தவரை இவை இரண்டுமே தேவையில்லை. ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுழற்றும் ரீசர்க்குலேஷன் பொத்தானை அணைத்துவிட்டால் சில நிமிடங்களில் கண்ணாடி தெளிந்துவிடும். ஏசியின் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் நீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடுவதால், மழைக்காற்றும் உள்ளே உலர்ந்தே வருகிறது. ஏசியை மட்டும் நிறுத்திவிட்டு விசிறியை ஓடவிடுவதுதான் தவறு. காயிலில் ஒட்டியிருக்கும் நீர் மீண்டும் காற்றில் ஏறிக் கண்ணாடியை மங்கச் செய்யும்.

சிக்கல் இரவு முழுவதும் நிற்கும் வண்டியில்தான். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். சிறிய காரின் உட்பகுதி இரண்டரை முதல் மூன்று கன மீட்டர் என்று கொண்டால், மழை நாளில் கதவை மூடிய பின் 25 முதல் 30 கிராம் நீர் எங்காவது படிந்தே தீர வேண்டும். முதலில் குளிர்வது கண்ணாடி என்பதால் அங்கே படிகிறது. நனைந்த கால்மிதி மேட்டும் குடையும் உள்ளேயே கிடந்தால் இந்தக் கணக்கு பல மடங்காகும். ஆகவே எதை வாங்குவதற்கு முன்பும் மேட்டுகளைக் கழற்றி வீட்டுக்குள் உலர்த்துவதும், வைப்பருக்குக் கீழே புங்கை இலையும் வேப்பஞ்சருகும் அடைத்திருக்கும் நீர்வழியைச் சுத்தம் செய்வதும் செலவில்லாத முதல் மருந்து.

இனி டப்பா. மேல் தட்டில் வெள்ளைக் கால்சியம் குளோரைடு, கீழே நீர் சேரும் கிண்ணம், இடையில் சல்லடை. இந்த உப்பு காற்றிலிருந்து தன் எடைக்கும் மேலாக நீரை இழுத்துத் தானே கரைந்து கீழே சொட்டும். வேகத்தில் சிலிக்கா ஜெல் இதற்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வைத்த மூன்றாம் நாளே கண்ணாடியில் மாற்றம் தெரிந்தது. கிண்ணத்தில் ஏறும் நீரைக் கண்ணால் பார்க்க முடிவதும் ஒரு மனநிறைவுதான். மூன்று வாரம் கழித்து, ரெட்டிச்சாவடி அருகே குழியில் இறங்கிய வண்டி குலுங்கியதில் டப்பா பின் இருக்கையின் காலடியில் கவிழ்ந்தது.

சிந்தியது நீர்தானே, காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அது காயவில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். வீட்டுக் கல்லுப்பு மழைக்காலத்தில் நீர்விட்டு, கோடையில் மீண்டும் உலர்வது அதனால்தான். கால்சியம் குளோரைடோ, ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டியிருந்தாலே கரைசலாக நின்றுவிடும். நம் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு உலர்வது அரிது என்பதால், கார்பெட்டில் ஊறிய கரைசல் வெயிலில் சற்றுச் சுண்டினாலும் இரவில் மீண்டும் நீரைக் குடித்துக்கொள்கிறது. ஈரத்தை எடுக்க வைத்த பொருளே ஈரத்தின் ஊற்றாகிவிட்டது. போதாததற்கு இது இரும்பை அரிக்கும். உப்புக்காற்றில் ஏற்கெனவே துருவோடு போராடும் வண்டித் தரைக்கு இது கூடுதல் தண்டனை. இருக்கையைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உலர்த்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இரண்டில் எது மேல் என்பதை நான் பராமரிப்பை வைத்தே முடிவு செய்கிறேன். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: உறிஞ்சிய நீரை அந்தப் பொருள் எந்த நிலையில் வைத்திருக்கிறது, அதை நாம் எப்படி வெளியேற்றுகிறோம் என்பது. சிலிக்கா ஜெல் தன் நுண்துளைகளுக்குள் நீரைப் பிடித்துவைப்பதால், முழுக்க நிறைந்த பிறகும் மணி மணியாகவே இருக்கிறது. பை கவிழ்ந்தாலும் கெடுதலில்லை. ஒரு கிலோ வெள்ளை மணிகளை இரண்டு கெட்டியான பருத்திப் பைகளில் தைத்து, ஒன்றை டேஷ்போர்டிலும் மற்றொன்றை பின் கண்ணாடிக்கு அடியிலும் வைத்திருக்கிறேன். ஈரம் மிகுந்த காற்றில் சிலிக்கா தன் எடையில் 30 விழுக்காடு வரை நீரை ஏற்கும். நான் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. சமையலறைத் தராசில் ஒரு கிலோ 1,200 கிராம் ஆனதும் எடுத்துவிடுவேன். சமையலுக்குப் பயன்படாத பழைய இரும்பு வாணலியில் மணிகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, சிறு தீயில் அவ்வப்போது கிளறி, எடை பழைய அளவுக்கு இறங்கும் வரை வறுக்க வேண்டும். ஓவன் உள்ளவர்கள் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும். நீல மணிகளை மட்டும் தவிர்க்கவும். அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருளால் வருவது, அடுப்பருகே அதற்கு வேலையில்லை.

பைக்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் புதிய ஈரக்காற்று உள்ளே புகுவதால், பை ஓயாமல் வேலை செய்து விரைவில் நிறைகிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வறுக்க வேண்டியிருந்தது. மின்சாரமும் இல்லாததால் கேஸ் அடுப்பே கைகொடுத்தது. வீட்டில் என் மனைவி என்ன நினைத்தார் என்பதை இங்கே எழுதவில்லை. இன்னொன்று, மழை விட்டு வெயிலடித்தால் மூடிய கார் கொதித்து, பை தான் பிடித்த நீரில் ஒரு பகுதியைக் காற்றிலேயே திரும்ப விட்டுவிடும். இரவில் அது மீண்டும் கண்ணாடிக்கு வரும். வெயில் நாளில் பகல் முழுவதும் பையை வெளியே எடுத்துவிடுகிறேன்.

மற்ற வழிகளுக்கு ஒரு வரி போதும். அடுப்புக்கரி வாடையைப் போக்கும், ஈரத்துக்கு அதை நம்ப முடியாது. சவர நுரையைத் தடவித் துடைத்தால் நீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை மறையாது. ஆனால் சில நாட்களில் மீண்டும் தடவ வேண்டும்.

உறைபனியைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. 2025 பொங்கல் விடுமுறையில் உதகமண்டலத்தில் இரண்டு இரவுகள் காரை வெளியில் நிறுத்தினோம். உள்ளே படியும் ஈரமே உறைநிலைக்குக் கீழே கண்ணாடியின் உட்புறத்தில் பனிக்கட்டியாகிறது என்பதால், முதல் நாள் மாலையிலேயே மேட்டுகளை எடுத்துவிட்டு, கதவுகளைச் சிறிது நேரம் திறந்துவைத்து மலையின் உலர்ந்த காற்றை உள்ளே விட்டு, புதிதாய் வறுத்த பைகளை வைத்தேன். காலையில் வெளிக்கண்ணாடி வெண்மையாக உறைந்திருந்தது, உட்புறம் இரண்டு நாளும் உலர்ந்தே இருந்தது. அதில் பையின் பங்கு எவ்வளவு, உலர்ந்த காற்றின் பங்கு எவ்வளவு என்று இரண்டு இரவுகளை வைத்துப் பிரித்துச் சொல்வது நியாயமாகாது.

டப்பாவை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். வெளிநாடு செல்லும் மகனின் காரை ஷெட்டில் இரண்டு மாதம் பூட்டி வைப்பவர்களுக்கு, வண்டி அசையாத வரை, பையை வாரந்தோறும் வறுப்பதைவிட அகன்ற தட்டில் வைத்த டப்பா எளிது. அதை எடுத்த பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.