சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அரங்கமும் அதன் மைக் செட்டும்: பரிசோதனை இசை நடத்துவோருக்கான மதிப்புரை

மதுரையில் நாற்பது, ஐம்பது பேர் அமர்ந்து கேட்கும் அளவில் ஒரு பரிசோதனை இசை நிகழ்ச்சியை நடத்த எண்ணுவோருக்கு, சிம்மக்கல்லை அடுத்த தெரு ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் சிறு அரங்கத்தையும், அரங்கத்தார் தாமே சேர்த்து வாடகைக்குத் தரும் மைக் செட்டையும் பரிந்துரைப்பேன். ஆனால் மின்னிணைப்பை நேரில் சோதித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். குறைகளையும் வெளிப்படையாக எழுதவிருப்பதால் அரங்கத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

நகரில் அரங்கங்களுக்குப் பஞ்சமில்லை. தல்லாகுளத்தில் ராஜா முத்தையா மன்றமும் லட்சுமி சுந்தரம் அரங்கமும் இருக்கின்றன; ஆனால் அவை கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நாடகத்துக்கும் நூற்றுக்கணக்கில் திரளும் கூட்டத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கே நாற்பது பேரை அமர்த்தினால், கலைஞருக்கும் கேட்பவருக்கும் நடுவில் காலி நாற்காலிகளே பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும். திருமண மண்டபங்களோ நாள் கணக்கில்தான் கிடைக்கும். தரையும் சுவரும் வழவழவென்று இருப்பதால் ஒருமுறை கைதட்டினால் அது அடங்குவதற்கே நேரம் பிடிக்கும். அந்த வகையில் இந்த மாடி அரங்கம் அளவாலும் அமைப்பாலும் பொருத்தமானது. மேடை என்று தனியே உயர்ந்த இடம் கிடையாது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் மர அலமாரிகள் இருக்கின்றன. அவற்றில் அடுக்கிய பழைய புத்தகங்களும் கோப்புகளும் எவரும் திட்டமிடாமலேயே எதிரொலியைக் கட்டுப்படுத்துகின்றன.

இந்த இசை எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை விளங்காது. நாங்கள் ஏற்பாடு செய்த மாலையில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவதில், ஒருவர் மானாமதுரைக் கடத்தின் வயிற்றில் கண்டாக்ட் மைக்குகளை (காற்றில் வரும் ஒலியை அல்ல, ஒட்டிய பொருளின் அதிர்வை வாங்குபவை) ஒட்டி, தட்டாமல், விரல் நுனியாலும் ஈரத்துணியாலும் தேய்த்து ஒலி எழுப்பினார். கனமான, தடித்த மண்ணில் செய்யப்படும் அந்தக் கடத்துக்குள் காற்றில் கேட்காத பல ஒலிகள் ஒளிந்திருப்பதைக் கண்டாக்ட் மைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது பகுதி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியலுக்கு முன் பதிவு செய்த ஏலக்குரல்களுக்கு அடியில் மிகத் தாழ்ந்த சுருதிகளை நீளமாக ஓடவிட்டது. மூன்றாமவரிடம் வாத்தியம் என்று எதுவுமே இல்லை. மிக்சரின் (பல ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே திருப்பிச் செருகி, கருவி தனக்குள் சுற்றவிடும் ஒலியைக் குமிழ்களால் வளைத்து வாசிக்கும் முறை அது. ஜப்பானியரான தோஷிமாரு நாகமுரா இதை 1990களிலிருந்து ஒரு தனிக்கலையாகவே வளர்த்திருக்கிறார். இவையெல்லாம் மேலைநாட்டார் விவகாரம், நமக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு, மூக் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) வைத்த மின்னணு இசைக்கூடம் 1969இலேயே அமைந்துவிட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இனி மைக் செட்டுக்கு வருகிறேன்; இந்த அரங்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான உண்மையான காரணம் அதுதான். கருவிகளைப் பொறுத்தவரை பெருமையாகச் சொல்ல ஏதுமில்லை. இரண்டு டாப் (மேல் சுருதி ஒலிபெருக்கி), இரண்டு பேஸ் (தாழ்சுருதி ஒலிபெருக்கி), பன்னிரண்டு சானல் மிக்சர், சுருதிவாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு 31 பேண்ட் ஈக்வலைசர், திருமண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் பார்த்துத் தேய்ந்த கேபிள்கள், அவ்வளவே. அவற்றை இயக்க வருபவர் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். மைக் செட்டுக்காரருக்குத் தொழில் தெரியும் என்பதன் அடையாளமே ஃபீட்பேக் வராமல் பார்த்துக்கொள்வதுதான். ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஒலி மறுபடி மைக்கில் புகுந்து, பெருகி, ஊளையிடத் தொடங்கிய மறுகணமே அவர் கை தானாகக் குமிழுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் முன்னால், ஃபீட்பேக்கையே வாத்தியமாக வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்களுடைய பெரும் கவலையாக இருந்தது.

ஒத்திகையில் அது நடக்கவும் செய்தது. “தம்பி, கூவுது. குறைச்சிரவா?” என்று அவர் கேட்டார். “அண்ணே, அந்தக் கூவல்தாண்ணே இங்க பாட்டு,” என்றார் கலைஞர். சற்று நேரம் மைக் செட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மிக்சரை விட்டு எழுந்து அரங்கத்தின் நான்கு மூலைகளிலும் நின்று கேட்டுவிட்டு வந்து, இந்த அறை எந்த இடத்தில் எந்தச் சுருதிக்குச் சிலிர்த்துக்கொள்ளும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஊளையை அடக்குவதற்காக அவர் பல ஆண்டுகளாக மனத்தில் சேர்த்து வைத்திருந்த அந்தக் கணக்கு, ஊளையை வரவழைக்க விரும்புபவருக்கு அப்படியே கைவிளக்காக அமைந்தது. ஈக்வலைசரில் தாம் வழக்கமாக வெட்டிவைக்கும் பேண்டுகள் அனைத்தையும் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எல்லை மீறும் உச்ச ஒலி டாப்பின் டயாபிரத்தை (ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வை) எரித்துவிடும், ஆகவே ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றைப் போட்டே தீருவேன், அந்த எல்லைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார். இது முற்றிலும் நியாயமானது. இத்தகைய நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி உடைந்து வாடகைக்கு மேல் இழப்பீடு கட்ட நேர்வது அரிதன்று. நிகழ்ச்சி முழுவதும் அவர் கை குமிழை நாடவில்லை. பெரிய நகரத்திலிருந்து விலையுயர்ந்த கருவிகளையும் இளம் பொறியாளரையும் வரவழைத்திருந்தாலும் இந்தக் காது கிடைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கண்டாக்ட் மைக் விஷயத்தில் மட்டும் அரங்கத்தாரின் தயாரிப்பு போதவில்லை. பீசோ தகட்டால் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு) ஆன அந்த மைக்குக்கு மின்மறுப்பு (impedance) மிக அதிகம். அதை நேராக மிக்சரின் மைக் உள்ளீட்டில் செருகினால் அடிநாதம் முழுவதும் போய், தகர டப்பாவைத் தட்டியது போல் மெலிந்துவிடும். ஒரு மெகா ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட பிரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று இடையில் வேண்டும். அரங்கத்தில் அது இல்லை. கலைஞரே கொண்டுவந்திருந்ததால் பிழைத்தோம். கருவிகளை மிக்சருக்கு ஏற்றபடி இணைத்துத் தரும் டிஐ பாக்ஸும் இரண்டு மட்டுமே உண்டு. சில மைக்குகளுக்காகக் கேபிள் வழியே மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவருக்கு எல்லாச் சானல்களுக்குமாக ஒரே சுவிட்ச் இருப்பதையும் கவனிக்க வேண்டும்; சிந்தசைசர், லேப்டாப் போன்றவற்றைத் தகுந்த பாதுகாப்பின்றி எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முனை இணைப்பு) வழியாக இணைத்தால் அந்த மின்னழுத்தம் அவற்றைப் பழுதாக்கக்கூடும்.

மின்சாரம்தான் இந்த இடத்தின் பெரிய குறை. முழு மாடிக்கும் ஒரே இணைப்பு. மின்விசிறி, குழல்விளக்கு, ஒலிக்கருவி எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. எர்த் சரியில்லை. லேப்டாப்பை மிக்சரில் இணைத்த உடனேயே மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் ஹம் (உறுமல்) தொடங்கிவிட்டது. விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பினால் அதன்மேல் ஒரு ரீங்காரமும் ஏறியது. திருமணப் பாடல்களுக்கிடையே இது யார் காதிலும் விழாது. ஆனால் ஒரு கலைஞர் இரண்டு நிமிடம் ஏறக்குறைய நிசப்தத்தில் வாசிக்கும்போது, அந்த ஹம் அழையாத நான்காவது கலைஞராக வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிஐ பாக்ஸில் உள்ள, ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சால் லேப்டாப்பின் ஹம் நின்றது. சிலர் இதற்காகப் பிளக்கின் எர்த் முனையையே கழற்றிவிடுவார்கள். அது உயிரோடு விளையாடும் வேலை, யார் சொன்னாலும் அனுமதிக்கக் கூடாது. மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் உண்டு என்கிறார்கள், உண்மையிலேயே உண்டு. ஆனால் அது மாறும் இடைவெளியில் சிந்தசைசர்கள் அணைந்து, அமைத்த ஒலிகளை மறந்துவிடும் என்பதால், சிறிய யுபிஎஸ் ஒன்றை நீங்களே எடுத்துச் செல்வது நல்லது.

குளிர்சாதன வசதி கிடையாது. மென்மையான பகுதிகளில் விசிறிகளை நிறுத்த வேண்டியிருந்தது; கோடையில் அதைச் செய்வது ரசிகர்மீது இழைக்கும் கொடுமை.

தாழ்ந்த சுருதிகளைப் பயன்படுத்துவோர் நாற்காலிகளைப் போடும் விதத்தை யோசிக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று அதிகம். அரங்கத்தின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே சுவரை ஒட்டியும் நடுவிலும் இருந்தவர்களின் நெஞ்சை அதிரவைத்த அதே ஒலி, இடைப்பட்ட இரு வரிசைகளில் அமர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வரிசையாக நாற்காலி போடுவது இங்கே வழக்கம்; அதை மறுத்து, பாதி இடத்தில் ஜமக்காளம் விரித்து, விரும்பியவர் எழுந்து உலவலாம் என்று அறிவித்த பிறகு அந்தக் குறையே ஒரு சுவையாக மாறியது. வயதான ரசிகர் ஒருவர் ஒவ்வோர் அடியாக நகர்ந்து, ஒலி மறைந்து மறைந்து தோன்றுவதைச் சிறுபிள்ளை போல் சோதித்துக்கொண்டிருந்தார்.

அனுமதி விஷயத்தில் அரங்க மேலாளர் உதவியாக இருந்தார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி ஒலிபெருக்கி பயன்படுத்த எழுத்துப்பூர்வமான அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான தடையில் மூடிய அரங்கங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூடிய அரங்கம் என்று வாதாட முடியாது. காவல் நிலையத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் படிவத்தை மேலாளரே கொடுத்தார். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைக்கும் வேலை மட்டும் நம்முடையது.

கட்டணம் ஒளிவுமறைவற்றது, ரசீதும் தருகிறார்கள். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி மைக் செட்டுக்குப் போகிறது. ஏற்றுகூலி, இறக்குகூலி தனி. பேரம் பேச வேண்டியது ஒத்திகை நேரத்தைப் பற்றித்தான். “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று இரண்டு முறை சொல்லிப் பார்ப்பதே அவர்கள் அகராதியில் ஒத்திகை என்பதால், வாடகை நிகழ்ச்சி தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. அரைநாள் முன்னதாகவே அரங்கமும் இயக்குபவரும் வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் இந்த மைக் செட் கிடைக்கவே கிடைக்காது. ஆடியில் அம்மன் கோயில்களும் தை, மாசியில் முகூர்த்தங்களும் அதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. புரட்டாசியில் திருமணங்கள் குறைவு, வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும். சனிக்கிழமைகளைப் பெருமாளுக்கு விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள், அநேகமாகக் கிடைத்துவிடும்.