வாடகை வால் கோட்டும் ஒரு ஊக்கும்

லெய்டன் பல்கலைக்கழகத்தில் நண்பனுக்கு முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு. நெதர்லாந்து வழக்கப்படி அவனுக்கு இரண்டு 'பாரானிம்ஃப்' வேண்டும், அதாவது கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அதில் ஒருவன் நான். வால் கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டை போட்டே ஆக வேண்டும் என்று அவன் ஒரே பிடிவாதம். சரி என்று 85 யூரோவுக்கு ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன்.

கோட்டு அருமை. கடைக்காரப் பெரியவர் நாடாவைத் தொடாமல் கண்ணாலேயே தோளை அளந்தார். தைத்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. பேன்ட்தான் சொதப்பல். இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது. ஊக்கு குத்திக்கொண்டு போனேன். பேராசிரியர்கள் 45 நிமிடம் அவனைக் கேள்விகளால் துளைத்தார்கள், ஊக்கு என்னைத் துளைத்தது. கடைசியில் கோலோடு உள்ளே வந்த 'பெடல்', அதாவது பல்கலைக்கழகத்தின் சடங்கு அலுவலர், 'ஹோரா எஸ்ட்' என்று லத்தீனில் நேரம் முடிந்ததை அறிவித்தார். பாதி பதிலோடு நண்பன் நிறுத்திக்கொண்டான். அவனைவிட எனக்குத்தான் நிம்மதி.

அப்புறம், துணியைத் திருப்பிக் கொடுத்தபோது காலர் பொத்தான் ஒன்று குறைகிறது என்று 5 யூரோ பிடித்துக்கொண்டார்கள். வாங்கும்போதே அது இல்லை! கோட்டுக்காக மூன்று நட்சத்திரம்.