மலிவான நாற்று மண்கலவை: விளக்கின் கீழ் 1,400 செடிகளை இழந்த விதம்

கனடாவின் ஒன்ராறியோவில் வாடகை நிலத்தில் மரக்கறி பயிரிட்டுச் சனிக்கிழமைச் சந்தையில் விற்கும் நான், இவ்வருடம் நாற்றுக்காக வாங்கிய மண்கலவையால் ஏறத்தாழ 1,400 செடிகளை இழந்தேன். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் வரும் பெப்ரவரியில் நீங்கள் தட்டுகளை நிரப்பத் தொடங்குமுன் இதனை வாசித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

எமது பகுதியில் மே நடுப்பகுதி கடந்தும் உறைபனி விழக்கூடும். ஆகவே கத்தரி, மிளகாய் ஆகியவற்றை வெளியே நடுவதற்கு எட்டு முதல் பத்து வாரங்களுக்கு முன்பும், தக்காளியை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பும் வீட்டினுள் விதைக்கிறோம். மிளகாய் முளைக்க மண்ணில் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால் தட்டுகளின் கீழே சூடாக்கும் விரிப்பு, மேலே விளக்கு என்று மார்ச் முழுவதும் மின்சாரச் செலவும் உண்டு. அந்த வாரங்களைத் தவறவிட்டால், பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவற்றை மீட்க முடியாது.

வழக்கமாக நான் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி), பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கல்) கலந்த மூட்டைகளையே வாங்குவேன். இம்முறை ஒருவர், தாவரக் கழிவில் இருந்து செய்த மட்கு கலந்தது, நடவு வரை வேறு பசளை தேவைப்படாது என்று உறுதியளித்து, குறைந்த விலையில் ஒரு கலவையைத் தந்தார். பற்றுச்சீட்டில் ‘நாற்றுக் கலவை’ என்று மட்டுமே இருந்தது. சேர்மானங்களை எழுத்தில் கேட்டுப் பெறாதது என் தவறு.

விதைகள் நன்றாகவே முளைத்தன, வித்திலைகளிலும் குறை தெரியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில்தான் தக்காளியின் புதிய இலைகள் கிண்ணம்போல் குவிந்து, பின்னர் பன்னத்தின் இலைபோல் ஒடுங்கி, தண்டுகள் முறுக்கத் தொடங்கின. நீர் கூடிவிட்டது என்றார் விற்றவர். அடுத்த முறை விளக்கைக் குறை கூறினார். அதற்கும் அடுத்த முறை விதையில் வைரசு என்றார். அவரை நம்பி ஒன்பது நாட்களை வீணாக்கினேன். அதே பொதியின் தக்காளி விதை, சென்ற வருடத்துப் பீட் கலவை நிரப்பிய ஒரு தட்டில் பக்கத்திலேயே செழித்து நிற்பதையும், புதிய கலவையிலேயே கோவா (முட்டைக்கோசு) எந்தப் பாதிப்பும் இன்றி வளர்வதையும் பார்த்த பிறகே உண்மை புரிந்தது: குறை கலவையில்தான், அதில் களைக்கொல்லி கலந்திருக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலங்களில் தெளிக்கப்படும் குளோபைரலிட், அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைத் தாக்குபவை. அந்தப் புல்லைத் தின்ற குதிரையின் சாணத்திலும் அவை அழியாமல் தங்கும்; மட்கவைத்தாலும் எளிதில் சிதையா. தக்காளிக் குடும்பத்தையும் அவரைக் குடும்பத்தையும் கெடுக்க மிகச் சிறிய அளவே போதும்; கோவாவோ அகன்ற இலைச் செடியாயினும் இவற்றைப் பெரும்பாலும் தாங்கும். பிரித்தானியாவில் 2008இல் இதே காரணத்தால் அமினோபைரலிட் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் 2012இல் மட்கு வாங்கிய தோட்டக்காரர் பலர் இதே பாதிப்பைக் கண்டனர். இவற்றை எடுத்துச் சொன்ன பிறகுதான், குதிரை லாயத்து எருவும் சேர்ந்திருப்பதாக விற்றவர் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 22இல் மீண்டும் விதைத்தேன். கத்தரி சந்தைக்கு வந்தபோது செப்டெம்பர் பிறந்துவிட்டது. சில வாரங்களில் உறைபனி வந்து அதையும் முடித்தது. கத்தரிக்காகவே கோடையில் என்னைத் தேடி வரும் நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பியதுதான் பண இழப்பைவிட அதிகம் வலித்தது.

மட்கு கலந்த எதையும் வாங்கினால், விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே மூன்று சாடிகளில் அதையும், வேறு மூன்றில் நீங்கள் நம்பும் கலவையையும் நிரப்பிப் போஞ்சி விதையுங்கள். மூன்று வாரங்களில் இலைகளே காட்டிவிடும். சாடிகளின் அடியில் தனித்தனித் தட்டு வையுங்கள், ஒன்றின் நீர் மற்றதில் கலக்கக்கூடாது. மூட்டையில் ஒரு பகுதியையும் திகதியிட்ட படங்களையும் பாதுகாத்து வையுங்கள். கெட்ட கலவையைப் பாத்திகளில் கொட்டாதீர்கள்.

செடிகளுக்கோ இழந்த வாரங்களுக்கோ அவர் எதுவும் தரவில்லை. மூட்டைகளின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார், அதுவும் இன்னும் வரவில்லை. மீதி 11 மூட்டைகளை எடுத்துச் செல்லும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவை இன்னும் என் கொட்டகையில்தான் கிடக்கின்றன.