கண்காட்சி மேசையில் நாணயப் பெட்டிகள்: எது தேறும், எது தேறாது

நாணயக் கண்காட்சிகளில் டீலர் மேசைகளைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைதான்: வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி, பிளாஸ்டிக் பக்கங்கள் கொண்ட ஆல்பம். கூடவே ஓரமாக ஒரு சில்லறை டப்பா. இவற்றைச் சேகரிப்பவர் பக்கம் நின்று பார்க்கிறோம். கேள்வி இரண்டு. "சார், இதைக் கொஞ்சம் எடுங்க" என்று கேட்பதற்கு முன்பே, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையானது கண்ணில் படுகிறதா? பெட்டியே நாணயத்தைக் கெடுக்கிறதா?

மரப்பெட்டிதான் பார்க்க அழகு. நாணயத்துக்கு அதுவே மோசம். பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது) அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை மெல்ல மெல்ல வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது போக வழியில்லை. முதலில் அடி வாங்குவது ஈயம். தரங்கம்பாடி டேனிஷ் ஈயக் காசும் சாதவாகனர் ஈயக் காசும் இப்படிப்பட்ட பெட்டியில் கிடந்தால் மேலே வெள்ளைப் பொடி பூக்கும். அதைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பொடியாகிப் போனது காசின் மேற்பரப்பேதான். வெள்ளிக்கு எதிரி கம்பளித் துணி, ரப்பர், சில வகைப் பசை. இவற்றிலிருந்து வரும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது.

ஒரு பெட்டி பாதுகாப்பானதா என்று பார்க்க அருங்காட்சியகங்களில் ஆடி சோதனை என்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் முன்வைத்தது. சோதிக்க வேண்டிய பொருளோடு ஈயம், வெள்ளி, செம்புத் தகடுகளை ஈரமான மூடிய குப்பியில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். டீலர் அதை எளிதாக்கிக்கொள்ளலாம். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, தேய்த்த வெள்ளித் துண்டு ஒன்றோடும் நனைத்த பஞ்சோடும் காலிப் பெட்டிக்குள் ஒரு மாதம் மூடி வைக்கட்டும். இரண்டில் எது மங்கினாலும் அந்தப் பெட்டிக்குள் நாணயம் போகக் கூடாது.

ஆல்பம் மலிவு, தூக்கிப் போக வசதி, புரட்டினால் இரண்டு பக்கமும் தெரியும். கோளாறு எல்லாம் பிளாஸ்டிக்கில்தான். கையில் எடுத்தால் வழவழவென்று வளைந்து, புதுச் செருப்பு வாசம் அடித்தால் அநேகமாக அது மென்மையாக்கி சேர்த்த பிவிசி. நாளடைவில் அந்த மென்மையாக்கி கசிந்து நாணயத்தின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். செம்பிலும் வெள்ளியிலும் அரிப்பு விழும். சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் மூலையில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. புகை நல்லதல்ல, வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். பிசினைச் சுத்தமான அசிட்டோன் கரைத்துவிடும் (நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்). ஆனால் அடியில் விழுந்த அரிப்பை எதுவும் ஆற்றாது. மைலார் (பாலியஸ்டர் படலம்) ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரும், அதாவது ஒரு நாணயத்தை நடுவில் வைத்து மூடும் சதுர அட்டையும், பாலிப்ரொப்பிலீன் பக்கமும் இருந்தால் ஆல்பத்துக்கு எங்கள் ஆட்சேபம் இல்லை.

தேறுவது அலுமினியச் சட்டக் கண்ணாடிப் பெட்டி. உள்ளளவு 45க்கு 30 சென்டிமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர் சதுர ஹோல்டர்கள் நெருக்கி அடுக்கினால் 54 பிடிக்கும். இங்கேதான் பலர் ஆசைப்படுகிறார்கள். 54 வைத்தால் ஒன்றை எடுக்கப் பக்கத்தில் இரண்டு நகரும், விலைச்சீட்டுக்கு இடமே இருக்காது. எட்டுக்கு ஐந்தாக 40 வைத்தால் விரல் போக இடமும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சென்டிமீட்டர் சீட்டுக்கு இடமும் கிடைக்கும். பெட்டி ஆழமாக இருந்தால் சட்டத்தின் நிழல் முன்வரிசை மேல் விழும். அடியில் அமிலமில்லாத அட்டையைக் கொடுத்து, நாணயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் விடுங்கள். பின்பக்கத்தை 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் சுமார் 15 டிகிரி சாய்வு வரும். உட்கார்ந்து பார்ப்பவர் கழுத்தை வளைக்க வேண்டியதில்லை. சாய்வில் ஹோல்டர் சறுக்கும் என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே 3 மில்லிமீட்டர் அட்டைப் பட்டை ஒட்டுவது அவசியம். மூடிக்குக் கண்ணாடியே நல்லது. அக்ரிலிக் கீறல் விழுந்து மங்கும், நிலைமின்சாரத்தால் தூசியையும் இழுக்கும்.

பல மேசைகளில் விளக்கு வைத்த இடம் தவறு. டீலரின் தலைக்குப் பின்னாலோ பெட்டிக்கு நேர் மேலேயோ இருந்தால் கண்ணாடியில் பட்டு வாங்குபவர் கண்ணில் அடிக்கும், நாணயம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் எழுத்துகளின் நிழல் விழுந்து தேய்ந்த எழுத்தும் படிக்க வரும். 4000 முதல் 5000 கெல்வின் வரையுள்ள, நிறக்குறியீடு (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, CRI) 90-க்கு மேலான எல்இடி போதும். மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பேறிய செம்பும் புதுச் செம்பு போலத் தெரியும்; வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் அந்த மேசைக்கு மறுபடி வர மாட்டார். ஹாலஜன் வேண்டவே வேண்டாம், பெட்டிக்குள் சூடு ஏறும்.

இனி அடுக்குவது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்? ராஜா தலை மேலே என்று பழக்கத்தில் வைக்கிறார்கள். எங்கள் கருத்து, விலையைத் தீர்மானிக்கும் பக்கம் எதுவோ அது மேலே இருக்க வேண்டும். விக்டோரியா ராணியின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு எண்ணையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள். வகை பிரிக்க உதவும் புள்ளிகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. தலையை மேலே வைத்து வரிசையாக அடுக்கினால், பார்ப்பவர் ஒவ்வொன்றாகத் திருப்பச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1840 ரூபாயில் இதற்கு நேர்மாறு: தலையைச் சுற்றிய எழுத்து தொடர்ந்து ஓடுகிறதா, பிரிந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி, அதனால் தலைப்பக்கமே மேலே. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயிலும் அப்படியே. அரசர் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிந்ததாகச் சர்ச்சை கிளம்பி, 1912-இல் துதிக்கையைத் திருத்தினார்கள். இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பத்து மடங்கு லூப்பை (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துவிட்டால் டீலர் வாய் திறந்து விளக்க வேண்டியதே இல்லை.

சுதந்திர இந்திய நாணயங்களுக்கு ஆண்டுப் பக்கம்தான் மேலே. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் மார்க் ஆண்டின் கீழே இருக்கிறது: மும்பைக்கு வைரக் கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. நெடுக ஆண்டு, குறுக்கே நான்கு நாணயச்சாலை என்று கட்டம் போட்டு அடுக்குங்கள். நொய்டா 1988-இல்தான் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய வரிசைகளில் அந்தக் கட்டம் காலி. சேகரிப்பவர் தன் பட்டியலைப் பக்கத்தில் வைத்து அரை நிமிடத்தில் தனக்கு இல்லாததைக் கண்டுபிடித்துவிடுவார். விலை வாரியாகக் கலந்து வைத்த பெட்டியில் இது நடக்காது.

சங்ககாலப் பாண்டியர் சதுரக் காசிலும் சோழர் செம்புக் காசிலும் இரண்டு பக்கமும் வேண்டும். ஒரே வகையில் இரண்டு இருந்தால் ஒன்றை யானைப் பக்கமும் மற்றதை மீன் பக்கமும் காட்டுங்கள். ஒன்றே இருந்தால் மறுபக்கத்தின் போட்டோவைச் சீட்டில் ஒட்டலாம். ராஜராஜன் காசு தலைகீழாகக் கிடக்கும் மேசைகள் ஏராளம். உருவத்தின் கால் கீழே இருக்கிறதா என்று பார்த்து வைக்க ஒரு நொடி போதும். அதைச் செய்யாத டீலரின் மற்றச் சீட்டுகளையும் நம்பத் தோன்றாது. பணம், சக்கரம் என்று பெயர் கொண்ட பழைய பொடி நாணயங்களை ஹோல்டர் இல்லாமல் வைத்தால் எடுக்கும்போதே தொலையும்.

சீட்டில் ஆட்சியாளர், ஆண்டு அல்லது காலம், உலோகம், இரண்டு தசமம் வரை எடை, விலை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். "விலை கேட்கவும்" என்று எழுதுவது ஆளைப் பார்த்து விலை சொல்லும் மேசை என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். 1835 முதல் அடித்த கம்பெனி ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம், நிறையக் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்த செம்பு என்றால் "கழுவியது" என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

ஹோல்டருக்கு அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னைக் குறடால் தட்டையாக அழுத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஹோல்டரின் ஜன்னலைக் கிழித்து நாணயத்தைக் கீறும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பின் துருவும் பிடிக்கும். செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, குளோரைடு அரிப்பு. ஒரு காசிலிருந்து இன்னொன்றுக்கு அது தொற்றுவதில்லை, ஆனால் ஈரம் பெட்டி முழுவதற்கும் பொது. அந்தக் காசை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, மூலையில் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

கடைசியாக, 1818 என்று பொறித்து அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போட்ட "கிழக்கிந்திய கம்பெனி" அணாக்கள். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை. மதராஸில் அடித்த வராகன் என்ற தங்கக் காசுகளில் விஷ்ணு உருவம் உண்மையிலேயே இருப்பதால் புதியவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். இவற்றை வைத்தே ஆக வேண்டும் என்றால் தனித் தட்டில் "நவீன டோக்கன்" என்று பெரிதாக எழுதி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அசல்களிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த அசல்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். வாங்குபவர் அதைக் காட்டச் சொல்லலாம், நாணயத்தின் விவரமும் எடையும் எழுதிய பில்லையும் கேட்டு வாங்கலாம்.