1,40,000 கிலோமீட்டர் ஓடிய பேரிங்கைத் திறந்து பார்த்தேன்

போன மாதம் என் டீசல் வண்டியில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பேக்கிங் கசிந்தது. சம்பைக் கழற்றியதோடு விட மனமில்லாமல் ஒரு பிக் எண்ட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனை) மூடியையும் அவிழ்த்து, ராட் பக்கம் இருக்கும் மேல் ஷெல்லை, அதாவது பேரிங்கின் மேல் பாதியை, வெளியே எடுத்தேன். டீசல் வெடிக்கும்போது அடி முழுவதும் விழுவது இதன் மேல்தான். நடுவில் சாம்பல் பூச்சு கொஞ்சம் பளபளத்திருந்தது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் செம்பு நிறம் எங்கேயும் தெரியவில்லை. எட்டு வருடம் ஓடிய பேரிங் அது!

இதற்கு முன்னால் போட்டிருந்த செட் 20,000 கிலோமீட்டரிலேயே செம்பைக் காட்டிவிட்டது. ஓவர்ஹால் செய்த இடத்தில் கிராங்க்கைக் கொஞ்சம் கூடுதலாகவே கிரைண்ட் செய்துவிட்டார்கள். 55 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய கிளியரன்ஸ், அதாவது ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 0.09 ஆகிவிட்டது. கேட்க அற்ப வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் பேரிங் ஓரங்களில் வழிந்தோடும் ஆயில், கிளியரன்ஸின் மும்மடிக்கு (கியூபுக்கு) ஏற்பக் கூடும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இன்ஜின் சூடேறியதும் ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்கத் தொடங்கியது. கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். லைட் அணைந்தது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் மேலேறும்வரை டக்டக் என்று தட்டல் கேட்கும். நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைத்த வைத்தியம் அது.

அந்தச் செட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது: கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் கீழ் ஷெல்லிலும் ஆயில் காடி (ஆயில் ஓடும் பள்ளம்) வெட்டியிருந்தது. காடி நிறைய இருந்தால் ஆயில் நிறையக் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தபோது, ஆயில் விட மேலே ஒரு துளை போட்டார். ஓடும்போது ஆயில் அந்தத் துளை வழியாகப் பொங்கி வந்தது. அடைத்த மரக்கட்டையையும் தள்ளிவிட்டது. சுழலும் தண்டே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது. தண்டைத் தாங்குவதும் அந்த அழுத்தம்தான். மெயின் பேரிங்கில் சுமை விழும் கீழ் ஷெல்லிலேயே காடி வெட்டினால் அழுத்தம் அதன் வழியாக இறங்கிவிடும். அகலமான ஒரு பேரிங் இரண்டு ஒல்லி பேரிங்காகப் பிரிந்துவிடும்.

அதனால் இரண்டாவது முறை மேல் ஷெல்லில் மட்டும் காடி உள்ள மெயின் பேரிங் வாங்கினேன். கிராங்க்கை அடுத்த அண்டர்சைஸுக்கு (கிரைண்ட் செய்து குறைக்கும் அடுத்த அளவுக்கு) இறக்கி, ஒவ்வொரு ஜர்னலிலும் கிளியரன்ஸை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்து மூடியை முறுக்கி, இழை நசுங்கிய அகலத்தைப் பார்த்த பிறகுதான் மூடினோம். அரை நாள் போனது. பரவாயில்லை, அந்த அரை நாள்தான் இந்த எட்டு வருடத்தைக் கொடுத்தது. பிராண்ட் எது என்று கேட்பவர்களிடம் முதலில் கிளியரன்ஸ் அளந்தீர்களா என்றுதான் நான் கேட்பேன்.

குறை என்றால் ஒன்று உண்டு. இந்த மூன்றடுக்கு ஷெல்லின் மேற்பூச்சு 0.02 மில்லிமீட்டர் அளவுதான். அழுக்கு ஆயில் அதைச் சீக்கிரம் சுரண்டிவிடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதை நான் ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை.

சரி, ஷெல்லைத் துடைத்து, ஆயில் தடவி, எடுத்த இடத்திலேயே வைத்து, புது போல்ட் போட்டு டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். டீசலை நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். சில விநாடிகளில் ஆயில் லைட் அணைந்தது; அப்புறம்தான் இன்ஜினை ஓடவிட்டேன்.