இருட்டுச் சாலையில் ஒளி வளையம்: ஒற்றைக்குவிய லென்ஸா, பல்குவிய லென்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்துப் பட்டணத்தில் கண்புரை அறுவை, அதாவது மங்கிய லென்ஸை எடுத்துக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பது, என்றால் வழி இரண்டு. அரசாங்க மருத்துவமனையில் பெயர் பதிந்து முறை வரக் காத்திருந்தால் வழக்கமாகக் கிடைப்பது ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்டும் ஒற்றைக்குவிய லென்ஸ். ஈப்போவில் தனியாரிடம் போனால் தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் பல்குவிய லென்ஸையும் முன்னால் வைப்பார்கள். கண் ஒன்றுக்குச் சில ஆயிரம் வெள்ளி கூடும். முன்னதற்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும், பின்னதற்குப் பெரும்பாலும் வேண்டாம். இதெல்லாம் எல்லாரும் அறிந்ததுதான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர், இரவு லோரி ஓட்டுகிறவர் என்றால் நான் ஒற்றைக்குவியத்தின் கட்சி. விலைக்காக இல்லை, இருட்டில் விளக்கைச் சுற்றித் தெரிவதற்காக.

பல்குவிய லென்ஸ்கள் பெரும்பாலானவற்றின் முகத்தில் மிக நுண்ணிய வட்ட வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். வரும் ஒளியைத் தூரத்துக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு என்று அவை பிரிக்கின்றன. இருகுவிய வகையின் கணக்கு சுமாராக இப்படி: தூரத்துக்கு 41 விழுக்காடு, கிட்டத்துக்கு 41, மீதி 18 எதற்கும் உதவாமல் சிதறும். முக்குவிய வகையில் சிதறல் குறைவு, ஆனால் பங்கு கேட்க மூன்று பேர். எதிரே லோரி வரும்போது தூரப் பங்கு அதன் விளக்கைக் கூர்மையாகக் காட்டும். கிட்டப் பங்கோ விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, பிறகு விரிந்து, அதே விளக்கைச் சுற்றி வளையமாக விழும். பகலில் கண்மணி சுருங்கியிருக்கும், சுற்றிலும் வெளிச்சம்; வளையம் கண்ணில் படாது. தெருவிளக்கில்லாத செம்பனைச் சாலையில் கண்மணி விரிந்ததும் பளிச்சென்று தெரியும். தலைக்கவசக் கண்ணாடியில் மழைத்துளி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை, அதன் வேலையே அப்படி. மூளை 3 முதல் 6 மாதத்தில் பழகிக்கொள்ளும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். யாருக்குப் பழகாது என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லும் சோதனை கிடையாது.

ஒற்றைக்குவியமும் சுத்தத் தங்கமில்லை. லென்ஸை வைக்கும் பையின் பின்சவ்வில் செல்கள் படர்ந்து மங்காமலிருக்க, 1990களிலிருந்து லென்ஸ் விளிம்பைச் சதுரமாக வெட்டுகிறார்கள். அந்த விளிம்பில் பக்க வெளிச்சம் பட்டால் பார்வையின் ஓரத்தில் வில் போல ஒரு மினுக்கம். சிலருக்குக் காதுப் பக்கம் பிறை வடிவில் கறுப்பு நிழல், குதிரைக்குக் கண்பட்டை கட்டினாற்போல. நெற்றிப்பொட்டருகே உள்ளங்கையை வைத்துப் பக்க வெளிச்சத்தை மறைத்தால் அந்த நிழல் குறையும். தடித்த சட்டமுள்ள கண்ணாடியும் அதனால்தான் உதவுகிறது. பெரும்பாலும் சில வாரத்தில் அல்லது மாதத்தில் போய்விடும். ஆனால் திரை இறங்குவதுபோல் நிழல் வளர்ந்தாலோ, மின்னல் வெட்டுடன் புதுக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அது விழித்திரைச் சமாசாரம், அன்றே போக வேண்டும். அறுவைக்குப் பிறகு வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை இறங்கினாலும் அப்படித்தான்.

என் கணக்கில் வழக்கைத் தீர்ப்பது ஒரே கேள்வி: பிடிக்காமல் போனால் எப்படிச் சரிக்கட்டுவது? ஒற்றைக்குவியத்தின் குறை கிட்டப் பார்வை. +2.50 கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருந்தால் தீர்ந்தது. வளையத்துக்குக் கண்ணாடி கிடையாது. அறுவைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் பவரை, அதாவது கண்ணாடியால் சரியாகும் பார்வைக் குறையை, திருத்தலாம், கண் வறட்சிக்குச் சொட்டு விடலாம், இரவில் கண்மணியைச் சுருக்கும் சொட்டை டாக்டர் எழுதித் தரலாம். அதற்கும் அடங்காவிட்டால் லென்ஸைக் கழற்றி வேறு வைக்க வேண்டும். மாதங்கள் போகப் போகப் பை சுருங்கி லென்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளும், கழற்றுவது சிரமமாகும்.

பலர் இடறுவது யாக் லேசரில். பின்சவ்வு மங்கினால் அதில் துளை போடுகிற சிகிச்சை அது. சில நிமிட வேலை, வலி இல்லை. ஆனால் துளை விழுந்த பிறகு லென்ஸை மாற்றப் போனால் பின்னாலிருக்கும் விழிக்கூழ் முன்னே பிதுங்கும், புது லென்ஸைப் பைக்குள் வைப்பதும் பல சமயம் முடியாது. ஆகவே லேசருக்குத் தலையாட்டும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தொந்தரவு எப்போதிலிருந்து? முதல் வாரத்திலிருந்தே வளையம் என்றால் அது லென்ஸின் குணம், லேசர் தொடாது. நன்றாகத் தெரிந்து, பல மாதமோ வருடமோ கழித்து மங்கினால் பின்சவ்வாக இருக்கலாம், லேசர் சரி.

லென்ஸைக் குறை சொல்லும் முன் இரண்டு சோதனை. அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே நாட்காட்டியைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் பவர் மிச்சம் இருக்கிறது. கண்ணைச் சிமிட்டியதும் தெளிந்து உடனே மங்கினால் வறட்சி.

சர்க்கரையும் கணக்கில் வர வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே விகிதம் அதைவிட அதிகம். சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருந்தாலோ கிளௌகோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) இருந்தாலோ பார்வை ஏற்கெனவே வெளிறியிருக்கும். அதில் ஒளியைப் பங்கு போடுவது வேண்டாத வேலை.

பகலில் மட்டும் வெளியே போகிற தையற்காரர், கல்லாவில் உட்காருகிறவர், கண்ணாடி என்றாலே ஆகாதவர், விழித்திரை நன்றாக உள்ளவர்: இவர்களுக்குப் பல்குவியம் பொருந்தும். மறுக்கவில்லை.

செம்பனைக் குலை வெட்டுகிறவர் பார்ப்பது உயரத்தை. தூரத்துக்கு வைத்த ஒற்றைக்குவியம் போதும். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் பாடுதான் வேறு. தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையின் ஆழம் பார்க்க வேண்டியது ஒரு கை தூரத்தில். தூரத்துக்கு வைத்த லென்ஸில் அது மங்கும், +2.50 போட்டால் மரத்தோடு முகத்தை ஒட்ட வேண்டியிருக்கும். அவருக்கு +1.50 கண்ணாடி சரியாக வரும், அது ஏறக்குறைய 67 சென்டிமீட்டருக்கு. இல்லாவிட்டால் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கை தூரம் தெரிகிற −1.25 அளவுக்கும் ஒற்றைக்குவியத்திலேயே வைக்கலாம். லென்ஸ் பவருக்கு அளவெடுக்கும் நாளில் கேட்டாலே போதும். வெட்டுக் கத்தியைப் பிடிக்கிற தூரத்தைக் கையால் காட்டிச் சொல்லுங்கள்.