ஆர்5ஆர்: பேருந்து எட்டும் தூரத்தைக் கணக்கிடும் கருவி

ஒரு குடியிருப்பிலிருந்து 60 நிமிடங்களுக்குள் எத்தனை மருத்துவமனைகளை, பள்ளிகளை, வேலையிடங்களைப் பொதுப் போக்குவரத்தில் அடைய முடியும் என்பதைக் கணக்கிட, பிரேசிலின் இப்பேயா ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கிய ஆர்5ஆர் என்ற, ஆர் நிரல்மொழிக்கான இலவச மென்பொருள் தொகுப்பு இன்று நம்பத்தக்க கருவியாக இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடமும், ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவிலான கால அட்டவணையும், புறப்படும் இடங்கள், சேரும் இடங்களின் பட்டியலும் இருந்தால் போதும். இது இயங்கத் தேவையான ஜாவா மென்பொருளை நிறுவி, நினைவக அளவை முன்கூட்டியே ஒதுக்கும் தொடக்க வேலை மட்டும் புதியவர்களைச் சற்று அலைக்கழிக்கும்.

இதன் உண்மையான பலம், புறப்படும் நேரத்தை ஒரே கணமாகக் கொள்ளாமல், ஒரு கால இடைவெளியின் ஒவ்வொரு நிமிடத்திலும் பயணத்தைத் தொடங்கிப் பார்த்து இடைநிலை மதிப்பைத் தருவதில் உள்ளது. பேருந்துகள் அரிதாக வரும் பகுதிகளின் காத்திருப்பு இதனால்தான் கணக்கில் ஏறுகிறது. கட்டண உச்சவரம்பையும் விதிக்கலாம். குறைந்த வருமானத்தினருக்கு வேகமான ரயில் வரைபடத்தில் மட்டுமே அருகில் இருப்பதை அப்போது தெளிவாகக் காணலாம். சமத்துவ ஆய்வாளர்கள் பலர் இந்த வசதியைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

நாம் மாற்றாதவரை, கருவி எடுத்துக்கொள்ளும் நடைவேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். முதியோருக்காக அதைக் குறைக்கலாம். ஆனால் உடைந்த நடைபாதையும் பழுதான மின்தூக்கியும் தரவில் பதியப்படாதவரை, சக்கர நாற்காலிப் பயணியின் அணுகலை எந்த வேக மதிப்பும் பிரதிபலிக்காது. மேலும், தரப்படுவது திட்டமிட்ட அட்டவணை என்றால் விடையும் தாமதமே இல்லாத நகரத்துக்கானதாகிவிடுகிறது. ஆய்வாளர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிரல் எழுதிப் பழகாத திட்ட அலுவலர்களுக்கு அல்ல.